வேரோடு எடுத்த கம்பு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவத்தோட சாஞ்சு உக்காருங்க. கோயில் நூற்றாண்டு மலருக்கு டெவ்லின் சாமியைப் பத்தி எழுதணும்னு வந்திருக்கீங்க, சரி. ஊருல பத்துப் பேர்ட்ட கேட்டிருப்பீங்க. பள்ளிக்கூடம் கட்டுனாரு, கிணறு தோண்டுனாரு, புயலடிச்சப்ப கஞ்சி ஊத்துனாரும்பாங்க. எல்லாம் நெசம். ஆனா நீங்க கையில வச்சிருக்கீங்களே போட்டோ, அதுல சாமி ஒரு கம்பு ஊனி நிக்காரு பாருங்க, அதைப் பத்தி ஒரு பயலும் வாயத் தெறந்திருக்க மாட்டான். தெறந்தா என் பேரைச் சொல்லணும்லா? சந்தியாகு பேரைச் சொன்னா இவனுகளுக்கு நாக்கு அழுகிரும்.

அந்தக் கம்பு நான் செஞ்சது. எழுதிக்கிடுங்க.

சாமி அயர்லாந்துக்காரர். அவரு பேரு எங்க ஊருப் பொம்பளைக வாயில நுழையாது. தேவலிங்கம் சாமி, தேவலிங்கம் சாமின்னே கூப்பிட்டு, சிலுவை வச்ச வேதக்கோயில் சாமியாருக்கு அந்தப் பேரே நின்னுபோச்சு. அவரு கோவிக்க மாட்டாரு, சிரிப்பாரு. ஆளு வாசல் நிலையில குனிஞ்சுதான் வரணும், அம்புட்டு உயரம். இடுப்பு வலி உண்டு. அவங்க ஊருல இருந்து கொண்டாந்த கைத்தடி ஒண்ணு வச்சிருந்தாரு. கருப்புப் பட்டை, முள்ளைச் சீவுன இடமெல்லாம் மொழி மொழியா இருக்கும். கைப்பிடி ஒரு முண்டு. அந்த முண்டு தனியா ஒட்டுனதில்ல தம்பி, அதே செடியோட வேரு. எண்பத்தி மூணு ஐப்பசி மழையில அதுல கறையான் ஏறிப்போச்சு. பூசை முடிஞ்சு படியிறங்கையில ஊனுனாரு, படக்குன்னு ரெண்டாப் போச்சு.

ஊரே கம்பு கொண்டு ஓடுச்சு. மூங்கில் ஒருத்தன், புளி ஒருத்தன், வேம்பு ஒருத்தன். கடைசல் பிடிச்சு வார்னிஷ் அடிச்சு ஒருத்தன் கொண்டாந்தான், பித்தளைப் பூணு வேற. சாமி ஒவ்வொண்ணா ஊனிப் பாப்பாரு. இது வளைகிறது, இதில் கனம் இல்லை, இதில் கைப்பிடி ஆணியில் நிற்கிறதும்பாரு. பொஸ்தகத் தமிழ்தான் பேசுவாரு. கடைசியில என்னைக் கூப்பிட்டாரு. அப்ப என்கிட்ட நாப்பது உருப்படி ஆடு. காட்டுல எந்தச் செடி எங்க நிக்குன்னு எனக்குத்தான் தெரியும்.

"சந்தியாகு, எங்கள் ஊரில் இது ஒரு முட்செடி. வேலியில் நிற்கும். அதை வேரோடு எடுக்க வேண்டும். வேர் இல்லாத தடி, தடி அல்ல."

குளிர் காலத்துல எடுக்கணுமாம். பட்டை உரியக் கூடாதாம். வெண்ணெயைத் தடவி அடுப்புப் புகை போற குழாயில ஒரு வருசம் வச்சுருவாங்களாம். இம்புட்டையும் கேட்டுட்டு நான் கேட்டேன், "இது எதுக்கு சாமி, நடக்க மட்டுந்தானா?" அவரு சிரிச்சாரு. "என் தாத்தா காலத்தில் சந்தையில் குடிப்பார்கள், இதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிறகு அதையே ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்." எனக்கு அப்பவே அந்த ஊரு பிடிச்சுப்போச்சு.

முள்ளு, கருப்புப் பட்டை, இறுக்கமான கட்டை. நமக்கு விடத்தலைதான் தம்பி. பாத்திருக்கீங்களா? ரோஸும் மஞ்சளுமா பூ தொங்கும். வைரம் பாஞ்ச கட்டை, அரிவாள் வாய் மடங்கிரும். ஆனா நேரா வளராது, அதான் அதுகிட்ட உள்ள சனியன். கிறுக்குப் பிடிச்ச மாதிரி நாலா பக்கமும் போகும். ரெண்டு மாசம் அலைஞ்சேன். ஓடைக்கரை, சுடுகாட்டு மேடு, குளத்துக்கு அங்கிட்டு. எத்தனை செடியில கையை விட்டிருப்பேன்! முள்ளு நகக்கண்ணுல ஏறிச் சீழ் வச்சு, பரிபூரணம், அதான் என் பொஞ்சாதி, ஊசியால கீறி எடுத்தா. "சாமியாருக்குக் கம்பு எடுக்கப் போயி உனக்கு விரல எடுக்க வேண்டி வரும்"னா. பளார்னு ஒண்ணு விட்டேன். நல்ல காரியத்துக்குப் போறப்ப அப்படிப் பேசலாமா?

கடைசியில நின்ன இடம் எங்கன்னா, என் காலடியில. எங்க புஞ்சைக்கும் எங்க அண்ணன் வியாகுலம் புஞ்சைக்கும் நடுவுல உள்ள வரப்புல. கட்டை விரல் கனம், நெஞ்சு உயரத்துக்கு மேல நூல் பிடிச்ச மாதிரி நேரா. அடி மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாத்தேன். வேரு கையடக்கமா உருண்டு நிக்கு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. இதை விட்டா இந்தச் சீமையில வேற கம்பு கிடையாதுன்னு மனசு சொல்லுச்சு.

ஆனா அது எல்லைச்செடி. எங்க அய்யா செத்த பெறகு பாகம் பிரிச்சப்ப, பெரியாளுக வைக்கோல் பிரியைச் சுத்தி அடையாளம் வச்ச செடி. கல்லு நட்டா எவனாவது நகட்டிருவான், செடியை நகட்ட முடியாதுல்லா, அதுக்காக எங்க பக்கம் அப்படித்தான் வைக்கிறது. கிளைய வெட்டலாம், விறகுக்கு ஒடிக்கலாம். பிடுங்க மட்டும் கூடாது. எல்லைச்செடியைப் பிடுங்குனவன் நிலத்தைப் பிடுங்குனவன்னு அர்த்தம்.

நான் மரியாதையாத்தான் போயிக் கேட்டேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தான்.

"வெட்டிக்கோ. மேல எம்புட்டு வேணும்னாலும் வெட்டிக்கோ. அடிமூட்டுல மட்டும் கைய வைக்காத"ன்னான்.

"மூட்டுதாம்ணே கைப்பிடி. வேரு இல்லாட்டா சாமி வாங்க மாட்டாரு. விடத்தலைதான, துண்டு வேரு கிடந்தாலும் முளைச்சிரும்."

"முளைக்கும். எங்க முளைக்கும்? என் பக்கம் ஒரு முழம் தள்ளி முளைச்சா, பத்து வருசம் கழிச்சு உன் மகன் அதுதான் எல்லைம்பான். நீயே சொல்லுவ."

பாருங்க, என்னைத் திருடன்னு சொல்லுதான். கூடப் பொறந்தவன். நான் என்னத்துக்குக் கேட்டேன், எனக்கா? சாமிக்கு! ரெண்டு வார்த்தை தடிச்சுப்போச்சு. அதுக்குள்ள பரிபூரணம் வந்துட்டா, அண்ணன் பொஞ்சாதி மதினி வந்துட்டா. மதினி சாணித்தண்ணியைத் தூக்கி ஊத்த, இவ அவ முடியைப் பிடிச்சு இழுத்ததுல கம்மல் மாட்டி மதினி காது கிழிஞ்சுபோச்சு. பொம்பளைச் சண்டை, அதை விடுங்க. அன்னைக்கே அண்ணன் செடியைச் சுத்தி முள்ளு வெட்டிப் போட்டு, அவன் வளத்த செவலை நாயை அங்கன கட்டி வச்சான். அந்த நாயி என்னைப் பாத்துக் கொலைச்சுது தம்பி. குட்டியில என் கையால சோறு தின்ன நாயி. மம்பட்டியைத் திருப்பி ஒரே போடு, அங்கனயே படுத்துருச்சு. இதெல்லாம் மலர்ல போடாதீங்க.

தை பொறந்து நாலாம் நாள். குளிர் சரியான குளிர், சாமி சொன்ன பதம். விடிஞ்சு வெயில் ஏறல. கடப்பாரையை வச்சு சுத்தி நெம்புனேன், பக்கவேரை அரிவாளால ரெண்டு போட்டேன், ஆணிவேரு சடக்குன்னு விட்டுச்சு. தூக்கிப் பிடிச்சுப் பாக்கேன், என்னா ஒரு முண்டுங்கீங்க! உள்ளங்கைக்குன்னே பொறந்த முண்டு. நுனியைத் தறிச்சேன். திரும்புனா அண்ணன் நிக்கான்.

வந்தான், நுனிப் பக்கத்தைப் பிடிச்சான். முள்ளு இன்னும் சீவலல்லா, அப்படியே உள்ளங்கையில ஏறுது, ரத்தம் முழங்கை வரை ஒழுகுது, விட மாட்டேங்கான். "வச்சிருல, மண்ணைப் போட்டு மூடிருவோம், பிழைச்சுக்கிடும்"ங்கான். நான் இழுக்கேன், அவன் விடல. இன்னொரு கையில தூக்குவாளி. பித்தளை. கஞ்சிதான் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா பித்தளை தம்பி! எறிஞ்சா மண்டை உடையும். அப்ப அவன் வெறுங்கையா வந்தான்னு ஊரு சொல்லுதே, அது எப்படி?

ஒரு உதறு உதறி உருவிட்டேன். திருப்பிப் பிடிச்சேன். முதல் அடி தோள்பட்டையில. ரெண்டாவது, கையை நீட்டித் தடுத்தான், மணிக்கட்டுல விழுந்துச்சு. அப்பவும் செடி நின்ன குழியைத்தான் பாக்கான், என்னைப் பாக்கல. அதான் எனக்கு வெறி ஏத்திருச்சு. மனுசன் அடிக்கேன், நீ குழியைப் பாக்கிய! மூணாவது முழங்கால் முட்டுல. வேர்முண்டு நேரா முட்டுச்சிரட்டையில இறங்குச்சு. தேங்காச் சிரட்டையைக் கல்லுல போட்டா ஒரு சத்தம் கேக்கும்லா, அது.

வரப்பை ஒட்டுன ஓடைக்குள்ள சரிஞ்சு விழுந்தான். காலு ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கு. "தம்பி, தூக்குல"ன்னான். "ஏல தம்பி, தூக்கி விடுல"ன்னு நாலஞ்சு தடவை கூப்பிட்டான்.

நான் கம்பைப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல தம்பி! பச்சைக் கம்பு, மூணு அடி, ஒரு விரிசல் கிடையாது. ஆனா முண்டுல மண்ணும் ரத்தமும் அப்பியிருக்கு. அது பட்டையில காஞ்சா பட்டை உரிஞ்சிரும், அப்புறம் அம்புட்டுப் பாடும் வீண். ஓட்டமா ஓடியாந்து தொட்டித் தண்ணியில போட்டுக் கழுவுனேன். அண்ணனை ஆடு மேய்க்க வந்தவனுக தூக்கிட்டுப் போனானுக. எப்படியும் யாராவது வருவாங்கன்னு எனக்குத் தெரியும்லா.

பெரியாஸ்பத்திரியில மூணு மாசம் கிடந்தான். காலு பிழைச்சுது, ஆனா மடங்காது. போலீஸ் வந்து கேட்டதுக்கு, ஓடையில வழுக்கி விழுந்தேன்னுட்டான். பயந்துட்டாம்னு நெனச்சேன். ஊருல அப்படித்தான் சொன்னேன், என் பேரைச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லன்னு. சாமி காதுக்கு மட்டும் எவனும் கொண்டுபோகல.

நான் கம்பு வேலையைப் பாத்தேன். முள்ளைச் சீவி, மொழியை விட்டுட்டு, இலுப்பெண்ணெய் தடவி அடுப்புக்கு மேல பரண்ல கட்டித் தொங்கவிட்டேன். வெண்ணெய்க்கு எங்க போக? மாசம் ஒருக்க எறக்கி எண்ணெய் பூசணும், திருப்பிக் கட்டணும். பரிபூரணம் கஞ்சி காய்ச்சயில கண்ணை மேல தூக்க மாட்டா. அந்த ஒரு வருசம் நான் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகல, பூசையில நன்மை அப்பம் வாங்கல. கம்பைக் குடுத்துட்டுப் போவோம்னு இருந்தேன். குடுக்கயில சாமி மொகம் எப்படி இருக்குன்னு பாக்கணும், அதான்.

மறுவருசம் செபஸ்தியார் திருநாளன்னைக்குக் குடுத்தேன். சாமி வாங்கி முண்டைத் தடவுனாரு. ஊனுனாரு. நாலு எட்டு வச்சாரு. கண்ணு கலங்கிருச்சு அந்த மனுசனுக்கு. "என் அப்பாவின் கை மாதிரி இருக்கிறது சந்தியாகு"ன்னாரு. அப்ப எடுத்ததுதான் இந்தப் போட்டோ. என் சென்மத்துல அன்னைக்கு இருந்த சந்தோசம் அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல.

அந்தச் சந்தோசத்துலதான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி முழங்கால்ல நின்னேன். எல்லாத்தையும் சொன்னேன். நாயி, காது, முட்டு, தூக்குலன்னு கூப்பிட்டது, நான் ஓடியாந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து சாமி கேட்டாரு.

"எந்தத் தடி?"

"உங்க கையில இருக்கிறதுதான் சாமி."

மன்னிப்புச் செபம் சொல்லல. எந்திரிச்சு வெளிய வந்தாரு. சப்பரம் சோடிச்சு நிக்கு, மேளக்காரன் நிக்கான், ஊரு நிக்கு. யாரையும் பாக்காம நேரா அண்ணன் வீட்டுக்குப் போனாரு. நான் பின்னால ஓடுறேன். அண்ணன் கட்டில்ல காலை நீட்டி உக்காந்திருக்கான். அவன் கையில கம்பைக் குடுத்தாரு. குடுத்துட்டு அவன் காலைத் தொட்டாரு தம்பி. சாமியாரு! அண்ணன் பதறிப்போனான். சாமி என் பக்கம் திரும்பி, "நீ இவன் முன்னால் வந்து நில். அவன் என்ன செய்கிறானோ அதுதான் உனக்கு அபராதம். அதற்குப் பிறகு என்னிடம் வா"ன்னாரு. வெறுங்கையா, இடுப்பைப் பிடிச்சிக்கிட்டே நடந்து போயிட்டாரு. அதுக்குப் பெறகு அவரு கைத்தடியே வச்சுக்கல.

சரி, மூணு அடின்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. நியாயம்தான? மறுநாக் காலையில போயி, சட்டையைக் கழத்திட்டு அவன் முன்னால நின்னேன். "அடி"ன்னேன். அவன் கம்பை ஊனி எந்திரிச்சான். நான் கண்ணை மூடிக்கிட்டேன். டொக்கு டொக்குன்னு என்னைச் சுத்திப் போற சத்தம் கேக்கு. "நகருல, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்"னான்.

நாப்பது வருசம் தம்பி. நாப்பது வருசமா அடிக்க மாட்டேன்னுட்டான். நான் சும்மா இருந்தேங்கீங்களா? அவன் கடலைக்குள்ள என் ஆட்டைப் பத்தி விட்டேன். அவன் மருமகனைச் சந்தையில வச்சு உதடு கிழிய அறைஞ்சேன். தெருவுல நின்னு, "ஏ நொண்டி, உனக்கு ரோசம் இல்லையா"ன்னு கேட்டேன். கல்லைத் தூக்கி ஓட்டுல எறிஞ்சேன், ஓடு உடைஞ்சு அவன் சோத்துத் தட்டுல விழுந்துச்சாம். வெளிய வந்து கம்பை ஊனிப் பாப்பான். போயிருவான். ஒரே ஒரு தடவை கம்பைத் தூக்குனான். ஆகா, வந்துச்சுடான்னு தலையைக் குனிஞ்சு குடுத்தேன். "உன் கிடாயி கிணத்துமேட்டுல ஏறுது, பாரு"ன்னு கம்பால காட்டுதான். அந்தக் கிடாயை அன்னைக்கே அறுத்துட்டேன்.

விடத்தலை மறுபடி முளைச்சுது. எங்கங்கீங்க? என் பக்கம் ஒரு முழம் தள்ளி. அவனுக்கு ஒரு முழம் நிலம் லாபம். அந்தக் கிறுக்கன் ஒரு மழை நாள்ல, மடங்காத காலை நீட்டிக்கிட்டு உக்காந்து, அதைத் தோண்டி எடுத்துப் பழைய குழியிலயே நட்டான். நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன மனுசன்டா நீன்னு அவன் மேல அம்புட்டு ஆத்திரம் வந்துச்சு எனக்கு.

டெவ்லின் சாமி தொண்ணூத்தொண்ணுல ஊருக்குப் போயிட்டாரு, அங்கயே செத்தும் போனாரு. பெறகு வந்த சாமிமாரு மன்னிப்புக் குடுத்தாங்க. பத்து அருள்நிறை மந்திரம் சொல்லுன்னாங்க. சொன்னேன். எனக்கு அது ஒட்டல. இன்னைக்கு வரை நன்மை வாங்குனதில்ல. எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க, நான் கடைசி பெஞ்சில உக்காந்திருப்பேன். அதையும் எழுதாதீங்க.

போன மாசம் அண்ணன் படுத்துட்டான். சாமி வந்து சாவுக்கு முந்தின அவஸ்தை எண்ணெய் பூசியாச்சுன்னாங்க. பகல் பதினோரு மணிக்குப் போனேன். அவன் மகன் ஆரோக்கியம் வாசல்ல மறிச்சான். உள்ள இருந்து, "விடுல, சித்தப்பாதான"ன்னு சத்தம் வந்துச்சு. அண்ணன் சத்தம், நூல் மாதிரி.

கட்டிலுக்குப் பக்கத்துல முழங்கால்ல நின்னேன். கம்பு சுவரு மூலையில நிக்கு. எண்ணெய் ஏறிக் கன்னங்கரேல்னு. எடுத்து அவன் கையில வச்சு, அவன் விரலை ஒவ்வொண்ணா நானே மடக்குனேன். "அண்ணே, ஒண்ணாவது அடிண்ணே. கை வராட்டா நான் தூக்குறேன், நீ போடு"ன்னேன். என் கையால அவன் கையைத் தூக்கி என் மண்டைக்கு நேரா கொண்டுவந்தேன். விரலை விரிச்சுட்டான். கம்பு கீழ உருண்டுபோச்சு. மறுபடி எடுத்து வச்சேன். மறுபடி விரிச்சான், கம்பு கட்டில்லயே அவன் பக்கத்துல கிடந்துச்சு. நான் அழுதுட்டேன் தம்பி, சின்னப்பிள்ள மாதிரி அழுதேன். "உனக்கு என்னதாம்ல வேணும், என்னைய என்ன செய்யணும்ங்கிற?"ன்னு அவன் தோளைப் பிடிச்சு உலுக்குனேன். சாகக் கிடக்கிறவனை!

அவன் முண்டை வெரலால தடவிக்கிட்டுக் கிடந்தான். "நல்ல கம்புல"ன்னான். "நீ தேடி எடுத்ததுன்னா சும்மாவா. இது இல்லன்னா நான் என்னைக்கோ கட்டிலோட கிடந்திருப்பேன்"னான். தண்ணி கேட்டான். குடுத்தேன். மத்தியானம் அடங்கிட்டான்.

எனக்கு என்ன வந்துச்சோ. கம்பைத் தூக்கிட்டு வெளிய வந்து, துணி துவைக்கிற கல்லுல அடிச்சேன். அடிச்சேன், அடிச்சேன், பொணத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வெறி பிடிச்சவன் கணக்கா அடிச்சேன். கல்லுல சில்லு தெறிக்கி. என் உள்ளங்கைத் தோலு கிழிஞ்சு வழுக்குது. கம்பு உடையல. ஆரோக்கியம் வந்து பின்னால கட்டிப்பிடிச்சுப் பிடுங்கிட்டுப் போனான். "எங்கப்பா கம்பு, தொடாதீரும்"னான். அவனாவது அடிப்பான்னு நின்னேன். அவனும் அடிக்கல.

சாமி என்ன சொன்னாரு? அவன் முன்னால போயி நில்லுன்னாரு. அவனும் போயிட்டான். இனிமே நான் யாரு முன்னால போயி நிக்க தம்பி?